செங்கல்லுக்கு பெல்ட்

இந்தக் காலத்து மனிதர்கள் யாரும் எங்கேயும் போவதில்லை. லிட்டருக்கு இத்தனை கிலோமீட்டர் என்று போகிறார்கள். வெளியூர் போய் வந்தவனிடம் "அங்க எல்லாரும் சௌக்கியமா?" என்று கேட்டால், "இருபத்திரண்டு குடுத்துச்சு" என்கிறான். மனித குலம் இவ்வளவு முன்னேறிவிட்டதைப் பார்க்கும் பாக்கியம் எனக்குக் கிடைத்தது. அந்த முன்னேற்றத்தில் எங்கள் குடும்பத்தின் பங்கும் சாமானியமானதல்ல. அறிவியலுக்கு ஒரு பெண்மணியையே கொடுத்திருக்கிறோம். கொஞ்ச நேரத்துக்குத்தான்.

என் மகனிடம் ஒரு சின்ன பெட்ரோல் கார் இருக்கிறது. மாப்பிள்ளையிடம் அதே அளவில் ஒரு ஹைப்ரிட். நான் அதிகம் படிக்காதவன், அதனால் மரியாதையாகவே கேட்டேன்.

"ஹைப்ரிட்னா என்ன மாப்ள?"

"பெட்ரோல் எஞ்சினும் இருக்கும், கரண்ட் மோட்டாரும் இருக்கும் மாமா. எது எப்ப ஓட்டணும்னு வண்டியே முடிவு பண்ணும்."

"அப்ப நீங்க எதுக்கு?"

அவர் சிரித்தார்.

எந்த வண்டி மேல் என்று மச்சான்கள் இருவரும் பேச ஆரம்பித்தால் சாப்பாட்டு மேசை சட்டசபை ஆகிவிடும். இதற்கு ஒரு முடிவு கட்ட ஒரு நாள் காலை 'ஒப்பீட்டுக் குழு' கூடியது. குழு என்றால் அவர்கள் இரண்டு பேர்தான். டேங்க்கைக் கழுத்துவரை நிரப்பிக்கொண்டு பெரிய கண்ணாஸ்பத்திரி வரை ஓட்டுவது, அங்கே பக்கத்து பெட்ரோல் பங்கில் மறுபடி நிரப்பி யார் எவ்வளவு குடித்தார்கள் என்று பார்ப்பது என்று தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

ஆஸ்பத்திரிக்கு ஏன் என்றால், முதல் நாள்தான் என் வீட்டுக்காரிக்குக் கண்ணில் புரை எடுத்திருந்தது. வலது கண்ணில் கட்டு. காலையில் வந்து அவிழ்த்துக்கொள்ளச் சொல்லியிருந்தார் டாக்டர். பன்னிரண்டு மணிக்கு அவர் கிளம்பிவிடுவார். அதை விட்டால் மூன்று நாள் கழித்துத்தான் வருவார். அதுவரை இவள் கட்டோடு இருக்க வேண்டும். இவளுக்கோ அந்தக் கண்ணில் இனிமேலாவது ஏதாவது தெரியுமா, தெரியாதா என்று ராத்திரி முழுக்கத் தூக்கம் இல்லை.

"ஒரு ஆட்டோ புடிச்சு நாங்க போயிடுறோமேடா" என்றேன்.

"ஆட்டோ போட்டியில இல்லப்பா" என்றான் மகன்.

நான் பெட்ரோலில். அவள் ஹைப்ரிட்டில். குழுவின் பாஷையில் நாங்கள் இருவரும் 'சுமை'. சுமை சமமாக இருந்தால்தான் ஒப்பீடு நியாயமாம். எடை மெஷினில் ஏற்றிப் பார்த்தார்கள். அவள் என்னைவிட லேசு. குறைந்ததை ஈடுகட்ட ஒரு கோணிப்பையில் செங்கல் போட்டு அவள் பக்கத்தில் வைத்தார் மாப்பிள்ளை.

"இருக்கட்டும் மாப்ள" என்றாள் அவள். "உங்க மாமாவ விட இது மேல். வழியெல்லாம் குறை சொல்லாது."

செங்கல் சீட்டில் உட்கார்ந்ததும் வண்டி கீ கீ என்று கத்தியது. பெல்ட் போடவில்லையாம். மாப்பிள்ளை செங்கல்லுக்கு பெல்ட் போட்டுவிட்டார். பாதுகாப்பு விஷயத்தில் அவரைக் குறை சொல்லவே முடியாது.

புறப்பட்டோம். என் மகன் ஏசியை அணைத்தான். ஏசி பெட்ரோல் குடிக்குமாம். கண்ணாடியை இறக்கப் போனேன்.

"இறக்காதீங்கப்பா! காத்து வண்டிய பின்னால இழுக்கும்."

"எனக்கு மூச்சே இழுக்குதுடா!"

"மேம்பாலம் வரைக்கும் பொறுத்துக்குங்க."

மேம்பாலத்தில் 'செயல்திறன்' ஆய்வு. ஏற்றத்தில் யாருக்கு பிக்கப் அதிகம் என்று பார்ப்பார்களாம். என் மகன் மிதித்த மிதியில் எஞ்சின் அழுதது. மாப்பிள்ளைக்கு முன்னால் ஒரு தண்ணி லாரி போய்க்கொண்டிருந்தபடியால் பெட்ரோல் வென்றது. இறக்கத்தில் எஞ்சினையே அணைத்துவிட்டு உருட்டினான். பிரேக் பிடிக்காமல் ஸ்டீயரிங் இறுக, நாங்கள் பாலத்தை விட்டு இறங்கியது அறிவியலால் அல்ல, என் வீட்டுக்காரி கும்பிட்ட சாமிகளால்.

பங்குக்கு வந்து சேர்ந்தோம். பின்னாலேயே மாப்பிள்ளையும் சத்தமே இல்லாமல் வந்தார். முகத்தில் பட்டம் வாங்கிய களை.

"மச்சான், வந்து பாருடா! கடைசி சிக்னல் வரைக்கும் சுமாரா இருந்துச்சு. அதுக்கப்புறம் மைலேஜ் எகிறிடுச்சு! பச்சை இலை அஞ்சும் எரியுது!"

ஸ்கிரீனில் நிஜமாகவே அஞ்சு இலை. சிக்கனமாக ஓட்டினால் வண்டி போடும் மார்க்காம். நான் பின் சீட்டைப் பார்த்தேன். செங்கல் பெல்ட் போட்டு அமைதியாக உட்கார்ந்திருந்தது. ஒரு கல்கூடக் குறையவில்லை.

"மாப்ள, உங்க அத்தை எங்க?"

திரும்பிப் பார்த்தார். சீட்டுக்கு அடியிலும் பார்த்தார்.

"கதவத் திறந்தா வண்டி கத்துமே?" என்றேன்.

"கத்துச்சு மாமா. அது எதுக்கெடுத்தாலும் கத்தும். நான் இலையப் பாத்துக்கிட்டு இருந்தேன்."

என் போன் அடித்தது.

"ஐயா, மூக்குக் கண்ணாடிக் கடையிலேருந்து பேசுறேன். ஒரு அம்மா வந்து கட்ட அவுத்து விடுங்கன்னு அடம் புடிக்கிறாங்க. நான் கண்ணாடிதான் விக்கிறேன்னு சொன்னா, டாக்டரக் கூப்புடுங்கறாங்க. அவங்கதான் இந்த நம்பரக் குடுத்தாங்க."

விஷயம் இதுதான். சிக்னலில் நின்றால் ஹைப்ரிட் மூச்சுக்கூட விடாது. மாப்பிள்ளை வண்டியை அணைத்துவிட்டார், வந்து சேர்ந்துவிட்டோம் என்று நினைத்திருக்கிறாள். இருக்கிற ஒரு கண்ணால் பார்த்தால், எதிரே கட்டிடத்தின் உயரத்துக்கு ஒரு கண் வரைந்திருக்கிறது. கண்ணாஸ்பத்திரிதான் என்று இறங்கிப் போய்விட்டாள்.

"மணி பதினொன்னரைடா, போய்க் கூட்டிட்டு வா" என்றேன் மகனிடம்.

"அப்பா, டேங்க் இன்னும் நிரப்பல. இப்ப வண்டிய எடுத்தா மொத்தக் கணக்கும் போச்சு."

"நீங்க போங்க மாப்ள."

"நானும் நிரப்பல மாமா. அதுவுமில்லாம இப்ப திரும்பினா இலை கொறைஞ்சிடும்."

"அதெல்லாம் இருக்கட்டும் மச்சான், அம்மா பாதியில இறங்கினது விதிமீறல். உன் ரிசல்ட் செல்லாது" என்றான் மகன்.

"நானா இறக்கி விட்டேன்? அத்தை தானா இறங்கினாங்க!"

எவ்வளவு உயர்ந்த விவாதம்! அதைக் கெடுக்க மனமில்லாமல் நான் பஸ் ஏறினேன். லிட்டருக்கு எத்தனை கொடுக்கும் என்று டிரைவருக்கே தெரியாத பஸ். கடையில் அவள் ஸ்டூலில் உட்கார்ந்து, மிச்சமிருந்த கண்ணுக்கு பவர் பார்த்துக்கொண்டிருந்தாள். எதிர்ப்பக்கம் வந்த பஸ்ஸில் அவளை ஏற்றி, ஆஸ்பத்திரிப் படியில் இழுத்துக்கொண்டு ஓடினேன். டாக்டர் பையைத் தோளில் மாட்டியாயிற்று. நர்சம்மாதான் கதவை மறித்துக்கொண்டு நின்று அவரை உட்கார வைத்தாள்.

கட்டை அவிழ்த்தார்கள். அவள் சிமிட்டினாள். என் முகத்தைப் பார்த்தாள்.

"என்னங்க, இவ்வளவு வயசாயிடுச்சா உங்களுக்கு?"

"இன்னிக்குக் காலையிலதான் ஆச்சு" என்றேன்.

வெளியே வந்தோம். பங்கில் இரண்டு பேரும் அந்த ஹைப்ரிட்டுக்குள் தலையை விட்டுக் குனிந்து நின்றார்கள். எங்களைப் பார்த்ததும் மாப்பிள்ளை கதவைத் திறந்து பிடித்தார்.

"ஏறுங்க அத்தை! திரும்பிப் போற ஓட்டத்தையும் சேத்துக்குவோம். சராசரி இன்னும் துல்லியமா வரும்."

"ரெண்டுல எதுடா ஜெயிச்சுது?" என்று அவள் மகனைக் கேட்டாள்.

"நீ இறங்குனதால முடிவு தெரியலம்மா."

"எனக்குத் தெரிஞ்சு போச்சுடா" என்றேன் நான். "பெத்தவள இறக்கி விட்டா எந்த வண்டியும் நல்லா மைலேஜ் குடுக்கும். அந்தச் செங்கல்ல பத்திரமா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க. பெல்ட் போட்டிருக்குல்ல."

"மாமா, அப்படி இல்ல, டேட்டா என்ன சொல்லுதுன்னா..."

அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். நாங்கள் பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடந்தோம்.