ஜிம்மி மேல் இறங்கிய பைரவர்

சிதம்பரம் கீழவீதிப் பக்கம் வக்கீல் நடனசபாபதி வீட்டு நாய்க்கு அருள் வருகிறது என்ற செய்தி பரவியதும், கோயிலுக்கு வந்த கூட்டத்தில் பாதி அங்கே திரும்பிவிட்டது. ஆடுகிற சாமியைவிட உதைக்கிற சாமி மேல் ஜனங்களுக்கு நம்பிக்கை ஜாஸ்தி போலிருக்கிறது. ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து வண்டி கட்டினார்கள். குறிஞ்சிப்பாடியிலிருந்து ரயிலேறினார்கள். யுத்த காலம். அரிசிக்குத் தட்டுப்பாடு, மண்ணெண்ணெய்க்குத் தட்டுப்பாடு. அருளுக்கு மட்டும் தட்டுப்பாடு இல்லை.

நாயின் பெயர் ஜிம்மி. ஒரு நாள் சாயங்காலம் அது திடீரென்று சாய்ந்து விழுந்தது. நாலு காலும் வெட்டி வெட்டி இழுத்தன, வாயில் நுரை தள்ளியது. கோர்ட்டில் சாட்சிகளைக் குறுக்கு விசாரணையில் துவைத்துக் காயப்போடும் நடனசபாபதி, வீட்டில் ஒரு கேள்வியும் கேட்காமல் வைத்திலிங்கத்திடம் ஓடினார். வைத்திலிங்கத்துக்குப் பேயோட்டுவது தொழில். அவன் வந்து திருநீறு தூவினான். நாய் எழுந்து தள்ளாடி நடந்தது. தூவாவிட்டாலும் எழுந்திருக்கும் என்பது வக்கீலுக்கும் தெரியாது, அவனுக்கும் தெரியாது. ஆனால் அவனுக்குத் தொழில் தெரியும். பைரவரே இறங்கியிருக்கிறார் என்றான்.

மறுவாரமே மாட்டுக்கொட்டகை சன்னதியாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை ராகுகாலத்தில் குறி. வைத்திலிங்கம் நாய்க்கு ஒரு நெய் உருண்டை ஊட்டிவிட்டு உடுக்கை அடிப்பான். கொஞ்ச நேரத்தில் நாய் விழும். வலதுகால் ஜாஸ்தி உதைத்தால் காரியம் பலிக்கும். இடதுகால் உதைத்தால் பரிகாரம். பைரவருக்கு ஏனோ எப்போதும் இடதுகால்தான் வேலை செய்தது. தேங்காய், சேவல், வெள்ளிக் கொலுசு எல்லாம் கொட்டகையின் பின்பக்கம் போய்ச் சேர்ந்தன.

வக்கீலின் மனைவி சிவகாமியம்மாளுக்கு நாயைப் பற்றித்தான் கவலை. எப்போதோ ஒரு தடவை விழுந்த நாய் இப்போது வாரம் தவறாமல் விழுந்தது. எழுந்த பிறகு கண் தெரியாததுபோல் சுவரில் முட்டிக்கொண்டது. நுரையைத் துடைத்த துணியில் கற்பூரம் மணத்தது. கொட்டகை முழுக்கக் கற்பூரம் எரிகிறபோது வேறு யாருக்கு அது தெரியப்போகிறது? வைத்திலிங்கம் வெளியூர் போயிருந்த ஞாயிற்றுக்கிழமை நாய் விழவில்லை. பாடலீசுவரரைத் தரிசித்துவிட்டு வருவதாகக் கணவரிடம் சொல்லி, ஜிம்மியோடு கடலூருக்கு ரயிலேறினாள். தரிசனத்துக்கு நாய் எதற்கு என்று வக்கீல் கேட்கவில்லை. கேட்கிற பழக்கத்தை அவர் கோர்ட்டிலேயே விட்டுவிட்டு வருகிறவர்.

அவள் தரிசித்தது மாட்டு டாக்டர் ஞானப்பிரகாசத்தை. மனுஷருக்கு வருகிற காக்காய்வலிப்பேதான் இது என்றார் அவர். மூளையில் ஒரு கோளாறு. தானாக வரும், தானாக அடங்கும். விழுந்தால் பக்கத்துச் சாமான்களை நகர்த்தி, விளக்கைத் தணித்து, சத்தமில்லாமல் இருந்தால் போதும். வாயில் கையோ இரும்போ தண்ணீரோ போகக் கூடாது. புரோமைடு மருந்தைத் தினமும் கொடுக்க வேண்டும். நன்றாக இருக்கிறதே என்று சட்டென்று நிறுத்திவிடக் கூடாது. கற்பூரம் என்றதும் அவர் முகம் மாறியது.

"அது உள்ளுக்குப் போனா நல்ல நாய்க்கே வலிப்பு வரும்மா. இதுக்கு உயிரே போயிடும்."

அடுத்த ஞாயிறு முதல் ஆளாக உட்கார்ந்திருந்தவள் ஸ்ரீமுஷ்ணம் தங்கம்மாள். ரங்கூன் போன மகனிடமிருந்து, அங்கே குண்டு விழுந்தது முதல் கடிதாசி இல்லை. பரிகாரத்துக்குத் தோட்டைக் கழற்றிக் கொடுத்தவள், இப்போது மூக்குத்தியோடு வந்திருந்தாள்.

வைத்திலிங்கம் உருண்டையை எடுத்தான். சிவகாமியம்மாள் குறுக்கே வந்தாள்.

"பாதிய நீங்க சாப்புடுங்க. மீதிய நாய்க்குக் குடுப்போம்."

"நான் விரதம்மா."

"காலையில எங்க வூட்டு இட்லியத் தின்னப்ப விரதம் இல்லியா?"

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். வக்கீல் மனைவியை அதட்டப் பார்த்தார். அதற்குள் அவள் உருண்டையைப் பிடுங்கித் தங்கம்மாள் கையில் வைத்து, இது இல்லாமல் பைரவரைக் கூப்பிடச் சொன்னாள். வைத்திலிங்கம் உடுக்கை அடித்தான். வியர்க்க வியர்க்க அடித்தான். ஜிம்மி கொட்டாவி விட்டது. பிறகு எழுந்து போய்ப் பூசைக் கும்பத்தின் மேல் காலைத் தூக்கியது. வலதுகால்தான்.

தங்கம்மாள் உருண்டையைப் பிட்டாள். உள்ளே கற்பூரக் கட்டி. அதை அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"எம்புள்ள இருக்கானா இல்லியான்னு இந்தக் கற்பூரமா சொல்லிச்சு?"

கூட்டம் கொட்டகையின் பின்பக்கம் பாய்ந்தது. தோடு அவன் மடியிலிருந்தே வந்தது. அதைப் போட்டுக்கொண்டு தங்கம்மாள் ஊர் திரும்பினாள். மகனைப் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. தெரியவில்லை என்பதாவது நிஜம்.

மருந்து கொடுக்க ஆரம்பித்த பிறகும் ஜிம்மி எப்போதாவது விழத்தான் செய்தது. அப்போதெல்லாம் வக்கீல் நாற்காலியை நகர்த்திவிட்டு, விளக்கைத் தணித்து, பேசாமல் உட்கார்ந்திருந்தார். வக்கீலுக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று சொல்ல வேண்டியதில்லை.

பைரவர் கோபித்துக்கொண்டு போய்விட்டார் என்று ஊரில் இன்னும் சிலர் சொல்கிறார்கள். கம்மாபுரத்தில் ஒரு கிடாய்க்கு அருள் வருகிறதாம், கிளம்பிவிட்டார்கள். மூளையில் கோளாறு உள்ள நாய் தினமும் மருந்து தின்று பிழைத்துக்கொண்டது. கோளாறே இல்லாத மூளையை வைத்திருக்கிறவர்கள் அதைக் கொஞ்சம் உபயோகித்துப் பார்த்தால் என்ன?