ஓடுகிற கம்ப்யூட்டரைத் திருத்துகிறவர்

நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் எதையும் சும்மா விடாத மனித இனம் ஒன்று உண்டு. உங்கள் தெருவிலும் ஒருவர் இருப்பார். மின்விசிறி வேகம் போதாது என்பார், கேஸ் அடுப்பின் நீலம் சரியில்லை என்பார், உங்கள் கைப்பேசியை ஒரு நிமிஷம் என்று வாங்கித் திருப்பித் தரும்போது அது கொரிய மொழியில் பேசும். நீங்கள் கேட்டீர்களா? இல்லை. கேட்கவேண்டும் என்ற எதிர்பார்ப்பும் அவருக்கு இல்லை.

ராயபுரத்தில் இந்த இனத்தின் தலைசிறந்த பிரதிநிதி ஜெரால்ட். போன சனிக்கிழமை பாஸ்போர்ட் போட்டோ எடுக்க ஜானட்டின் ஸ்டூடியோவுக்குப் போனார். அன்று மாலை ரிசப்ஷனில் போடவேண்டிய வீடியோவை ஜானட் முடித்துக்கொண்டிருந்தாள். மணப்பெண் ஷாலுவின் அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். நோயில் படுத்திருந்தபோது மகளின் கல்யாணத்துக்கென்று கைப்பேசியில் பேசிப் பதிவுசெய்துவிட்டுப் போய்ச் சேர்ந்தார். அந்தப் பதிவு இருந்த கைப்பேசி தொலைந்துவிட்டது. மிச்சமிருந்த ஒரே பிரதி இந்தக் கம்ப்யூட்டரில்.

"இன்னாம்மா ஜானட்டு, இது நத்த மாரி நவுருது?"

"அண்ணே, கைய வெக்காதீங்க. சாயங்காலம் குடுக்கணும்."

"நான் கை வெச்சா பறக்கும்மா!"

கேமராவை எடுக்க ஜானட் உள்ளே போனாள். போதாதா? ஜெரால்ட் கம்ப்யூட்டரை அணைத்து, மறுபடி போட்டு, விசையைத் தட்டித் தட்டி பயாஸுக்குள் நுழைந்தார். விண்டோஸ் கண்விழிப்பதற்கு முன்பே விழித்து, ஹார்ட் டிஸ்க்கோடு எந்த முறையில் பேசுவது என்று முடிவுசெய்வது இந்த பயாஸ்தான். அங்கே 'ஏஹெச்சிஐ' என்று இருந்த முறையை 'ரெய்டு' என்று மாற்றினார். ஏன்? பெயர் கம்பீரமாக இருந்தது. விண்டோஸோ பழைய முறைக்கான டிரைவர் மென்பொருளை நம்பியே எழுந்து பழகியது. எழுந்தது, டிஸ்க்கைத் தேடியது, காணாமல் நீலத் திரையைப் போர்த்திக்கொண்டு விழுந்தது.

"இன்னாண்ணே பண்ணீங்க?" கேமராவோடு திரும்பி வந்த ஜானட் கத்தினாள்.

"நான் ஒண்ணும் பண்ல. டிஸ்க்கு போயிடுச்சு. ஃபார்மேட் பண்ணா சரியாப்பூடும்."

இந்த இனம் வாய் திறந்தால் முதலில் வருவது 'ஒண்ணும் பண்ல'. அடுத்து வருவது 'ஃபார்மேட்', அதாவது மொத்தமாக அழிப்பது.

அந்த நேரம் பார்த்து ஷாலுவின் அம்மா ஆலிஸ் வந்தாள். "ரெடியா ஜானட்டு? அப்பா கொரல கேக்கணும்னு பொண்ணு காலைலேர்ந்து சொல்லிக்கினே கீறா." திரையைப் பார்த்தாள். மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தாள். "அழிஞ்சிடுச்சா?" என்று மட்டும் கேட்டாள்.

ஜெரால்ட் சட்டைக் காலரை இழுத்துவிட்டார். பிறகு, தன் வாழ்நாளில் முதல்முறையாக, அதைச் சொன்னார்.

"அழியலம்மா. நான்தான் உள்ள ஒண்ண மாத்திப்புட்டேன். ரெய்டுன்னு."

"ரெய்டா?" ஜானட் பொரிந்து தள்ளினாள். "இன்கம்டாக்ஸ்காரன்கூட ஒண்ண தூக்கினு போனா எழுதிக் குடுத்துட்டுப் போவான்ணே! மாத்துனத மொதல்ல திருப்பி மாத்துங்க!"

மாற்றினார். விண்டோஸ் ஒன்றும் நடக்காததுபோல் எழுந்து உட்கார்ந்தது. டிஸ்க்கில் ஒரு துளியும் அழியவில்லை. அதை எட்டும் வழிதான் மாறியிருந்தது. ஆலிஸ் அழுதாள், உடனே சிரித்தாள், ஜெரால்டின் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள்.

மாலையில் மண்டபம் முழுக்க அந்த மனிதரின் குரல் கேட்டது: "ஷாலு, நீ நல்லா துன்னு. மாப்ளைக்கும் கொஞ்சம் மிச்சம் வையி." சிரிப்பும் கண்ணீருமாகக் கூட்டம் எழுந்து நின்றது. பின்வரிசையில் ஜெரால்ட் பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "காலைல டிஸ்க்கே பூட்ச்சு. நான் மட்டும் அங்க இல்லன்னா..." பேச்சினூடே அவர் கண் சவுண்டு சர்வீஸ்காரரின் மிக்சர் பொத்தான்கள் மீது போனது. ஜானட் பிரியாணித் தட்டோடு எழுந்து வந்து, அவருக்கும் மிக்சருக்கும் நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள்.

சிரிக்கிறீர்கள். சரி. ஆனால் படிக்கும்போதே, 'விண்டோஸை முதலில் சேஃப் மோடில் திறக்கச் சொல்லிவிட்டு அப்புறம் ரெய்டை மாற்றியிருந்தால் ஓடியிருக்குமே' என்று உங்களுக்குள் ஒரு குரல் கேட்டதா? கேட்டிருந்தால், அடுத்தமுறை பாஸ்போர்ட் போட்டோவுக்குப் போகும்போது இரண்டு கையையும் பாக்கெட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.