இருநூற்றுப் பதினெட்டுப் பேர்

"கொஞ்சம் இழுவையா இருக்கு, அத்தான்" என்று மச்சினன் சொன்னதிலிருந்துதான் வினை ஆரம்பித்தது.

மீட்டர்க்காரர் கணினித் திரையிலிருந்து முகத்தைத் திருப்பினார். "எது இழுவை?"

"எல்லாமேதான். லிஃப்ட்டுக்குள்ள ஒரு குரல் 'நன்றி'ன்னு சொல்லுது, அதுக்கு நாம பதில் சொல்லணுமா வேண்டாமான்னு கேக்குறீங்க. சரி. அதுக்கு எதுக்குப் பதினோரு பக்கம்?"

மச்சினன் விளம்பரப் பலகை எழுதுகிறவன். நாலு வார்த்தைக்கு மேல் எது போனாலும் அவனுக்கு இழுவைதான். ஆனாலும் சொன்னது சுருக்கென்று தைத்தது.

முப்பத்திரண்டு வருஷம் வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டரைப் பார்த்துக் குறித்துக்கொண்டு வந்தவர் அவர். கதவைத் திறந்தவர்கள் அத்தனை வருஷமும் அவரிடம் பேசியது "பார்த்தாச்சா?" என்ற ஒரே வார்த்தைதான். ஓய்வு பெற்றதும் ஒரு கணினி வாங்கிப் போட்டு, 'வீட்டுக் கணினிக்காரன்' என்ற பெயரில் இணையத்தில் ஒரு பக்கம் திறந்தார்.

மத்தியானச் சாப்பாடு ஆனதும் ஜன்னல் திரையை இழுத்துவிட்டு உட்காருவார். துணி வழியே வடிகிற வெளிச்சம், தண்ணீரில் பால் கரைவதுபோல் அறை முழுக்கப் பரவும். கணினிக்குள் இருக்கும் விசிறி, தூரத்தில் யாரோ தனக்குத் தானே பேசிக்கொள்வதுபோல் முணுமுணுக்கும். விரல்கள் தாமாக நகரும். ரிமோட்டில் நாற்பத்திரண்டு பொத்தான் எதற்கு? எதிரே நிற்கிற மனுஷனை விட்டுவிட்டு ஜனங்கள் ஏன் கைப்பேசியிடம் வழி கேட்கிறார்கள்? ஒரு கருத்து இன்னொரு கருத்தின் தோளில் கைபோட்டுக்கொண்டு மெல்ல நடந்துபோகும். இவரும் பின்னாலேயே போவார். நிமிர்ந்தால் சாயங்காலம் ஆகியிருக்கும்.

முதல் ஆறு மாதம் ஈ காக்காய் எட்டிப் பார்க்கவில்லை. அப்புறம் எங்கிருந்து வந்தார்களோ, தினமும் இருநூற்றுப் பதினெட்டுப் பேர்! "உங்க எழுத்து மனசை அப்படியே லேசாக்குது" என்று ஒருவர். "பாதிதான் ஆச்சு, மீதி நாளைக்கு" என்று இன்னொருவர், அதுவும் ஒரே கட்டுரைக்கு நாற்பது நாளாக.

அவர்களை இழுவையில் மாட்டிவிடலாமா? மறுநாள் பதினோரு பக்கத்தை ஒன்றரைப் பக்கமாக வெட்டினார்.

எண்ணிக்கை நூற்று நாற்பதுக்கு இறங்கியது. "சட்டுனு முடிஞ்சிருச்சே, சார்" என்று ஒரே புலம்பல்.

"நீளத்தைக் குறைச்சா போதுமா? சிரிப்பு வேணாமா?" என்றான் மச்சினன்.

தானாகத் திறக்கும் கண்ணாடிக் கதவு ஒன்று தன்னை மட்டும் ஆளாகவே மதிக்காமல் நிறுத்திவைத்த கதையை எழுதினார். எழுதும்போது அவருக்கே சிரிப்பு வந்தது.

எழுபது பேர். "சிரிச்ச சிரிப்புல பக்கத்துல படுத்திருந்தவர் தலையணையால அடிச்சிட்டார். தயவுசெஞ்சு இந்த மாதிரி வேணாம்" என்று ஓர் அம்மா எழுதியிருந்தார்.

"அப்போ சூடு பத்தலை" என்றான் மச்சினன். "யாரையாவது வெளுத்து வாங்குங்க, அத்தான்."

அவருக்குக் கோபம் சுலபத்தில் வராது. கண்ணாடி முன்னால் நின்று, மீசையைத் தடவி, கொஞ்சம் வரவழைத்துக்கொண்டு, பொது இடத்தில் கைப்பேசியில் கத்துகிறவர்களைப் பிடிபிடியென்று பிடித்தார்.

பத்தொன்பது பேர். "நெஞ்சு படபடங்குது. இனிமே இந்தப் பக்கம் வரமாட்டேன்" என்று எழுதிவிட்டுப் போனவர், நாற்பது நாளாகப் பாதியிலேயே இருந்த அந்த மனிதர். அதைத்தான் மீட்டர்க்காரரால் தாங்க முடியவில்லை.

கடைசி ஆயுதமாக மர்மத்தை எடுத்தார். மீட்டர் பின்பக்கமாகச் சுற்றுகிற ஒரு வீடு. கதவைத் திறந்தது யார் என்று சொல்லாமலே நிறுத்திவிட்டார்.

மூன்று பேர். அதில் ஒருவன் மச்சினன். இன்னொருவர் அவரேதான்.

"ஏங்க, பழைய மாதிரியே எழுதுங்களேன். எனக்கு அதுதான் பிடிச்சிருந்தது" என்றாள் மனைவி.

"நீ படிச்சியா?"

"ஆரம்பிப்பேன்" என்றாள் அவள், வேறெங்கோ பார்த்தபடி.

அன்றிலிருந்து அவருக்குத் தூக்கம் போயிற்று. புரண்டு படுத்தால் மூன்று, மல்லாந்து படுத்தால் மூன்று. மத்தியான வெளிச்சம்கூட இப்போது கண்ணைக் கூசவைத்தது. மறுபடியும் எல்லாக் கதவும் சாத்திக்கொண்டது போலிருந்தது. பத்தாம் நாள் மனைவி அவர் கையில் குடையைக் கொடுத்து, இரண்டு தெரு தள்ளி இருக்கிற கிளினிக்குக்கு அனுப்பிவைத்தாள்.

டாக்டரம்மா நாடி பார்த்தார், கண்ணை இழுத்துப் பார்த்தார். "உடம்புக்கு ஒண்ணுமில்லை. மாத்திரை எல்லாம் வேணாம். வெளியில நர்ஸ் ஒரு சீட்டு குடுப்பாங்க, அதுல இருக்கிறபடி செய்யுங்க."

வெளியே நர்ஸ் காகிதக் கட்டு ஒன்றிலிருந்து அச்சடித்த சீட்டைக் கிழித்து நீட்டினாள். அதில் 'வீட்டுக் கணினிக்காரன்' என்று கொட்டை எழுத்தில் போட்டு, கீழே அவருடைய பக்கத்தின் முகவரி இருந்தது.

மீட்டர்க்காரருக்குக் காலடியில் தரை நழுவி, தான் மட்டும் லேசாக மேலே மிதப்பதுபோல் இருந்தது. படித்த டாக்டர், நோயாளிகளுக்கு என் கருத்துகளைச் சிபாரிசு செய்கிறார்! பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருந்தவர்கள், சுவரில் ஓடிய கடிகாரம், எல்லாமே தன்னைப் பார்த்துத் தலையசைப்பதாகத் தோன்றியது.

"இதை..." சீட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "டாக்டரம்மா முழுசா படிச்சிருக்காங்களாம்மா?"

நர்ஸ் அடுத்தவருக்குச் சீட்டைக் கிழித்தபடியே சொன்னாள்: "யாரால முடியும், ஐயா? தூக்கம் வராதவங்க எல்லாருக்கும் ஒரு வருஷமா இதைத்தான் குடுக்கறோம், ரெண்டாவது பாராவைத் தாண்டினவங்க ஒருத்தர்கூட இல்லை. ஆனா பழசா பார்த்துப் படிங்க, புதுசுல மருந்து போயிடுச்சு."