பொலிசில் பதிந்த மாப்பிள்ளை

கொட்டாஞ்சேனை,
2008 பெப்ரவரி 19

பாசத்துக்குரிய மாப்பிள்ளை ஏகப்பன் அவர்களுக்கு,

மாமனார் சாத்தப்பன் ஆசிகளுடன் எழுதுவது. நீங்களும் என் மகள் சிட்டாளும் சிங்கப்பூரில் முருகன் புண்ணியத்தில் சுகமாக இருப்பீர்கள். இங்கே நாங்களும் சுகம் என்று எழுதுவதுதான் முறை. ஆனால் இந்த யுத்த காலத்தில் கடிதங்களைப் பிரித்துப் படிக்கிறார்கள் என்று கேள்வி. அவர்களிடம் பொய் சொல்லி மாட்டிக்கொள்ள எனக்கு விருப்பமில்லை. ஆகவே நேராக விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் டிசம்பரில் அனுப்பிய பைபாப் என்ற மூச்சு மெஷினைத் தயவுசெய்து திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் டொக்டர் புளோறன்ஸ். நாற்பது வருஷம் புறக்கோட்டைக் கடையில் செத்தல் மிளகாய் மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்ததில் என் நெஞ்சு கெட்டுவிட்டதாம், கெட்ட காற்று வெளியே போகாமல் இரத்தத்திலேயே தங்கிவிடுகிறதாம், காலையில் தலையிடிப்பதும் பத்திரிகை படிக்கையில் தூங்கி விழுவதும் அதனால்தானாம். தூங்கி விழுவதற்குப் பத்திரிகைதான் காரணம் என்று நான் சொன்னதை அவர் எழுதிக்கொள்ளவில்லை. இந்த மெஷின் நான் மூச்சை இழுக்கும்போது பதினாறு அளவில் காற்றைத் தள்ளும், விடும்போது ஆறாகக் குறைத்துக்கொள்ளும் என்றார். மாப்பிள்ளை, வாங்க ஒரு எடைக்கல்லும் விற்க ஒரு எடைக்கல்லும் வைத்திருந்தவர்களை நான் நாலாம் குறுக்குத் தெருவில் நிறையப் பார்த்திருக்கிறேன். "இடையில இருக்கிற பத்து எங்க போகுது?" என்று கேட்டேன். "ஐயா, அந்தப் பத்துத்தான் உங்கட களைச்சுப் போன நெஞ்சுக்குப் பதிலா வேலை செய்யுது. நித்திரை கொள்ளுற நேரமெல்லாம் போடோணும். போடாட்டி ஒருநாளைக்கு எழும்ப மாட்டியள்," என்றார். பயமுறுத்தி விற்பது எனக்குத் தெரிந்த வியாபாரம்தான். ஆனால் அவர் எதையும் விற்கவில்லை. அதனால் என் சந்தேகம் இன்னும் கூடியது.

சரி என்று மாட்டிக்கொண்டேன். அந்த முகமூடியோடு கண்ணாடியில் பார்த்தால் விமானப்படை ஆள் மாதிரி இருக்கிறேன். இந்த ஊரில், இந்தச் சமயத்தில், அப்படி இருப்பது நல்லதல்ல. அதனால் ஒருநாள் போடாமல் படுத்தேன். மாத முடிவில் டொக்டர் மெஷினின் வயிற்றிலிருந்து ஒரு சின்ன அட்டையை உருவிக் கம்பியூட்டரில் போட்டுவிட்டு, "ஐயா, எட்டாந் திகதி செவ்வாய்க்கிழமை போடேல்லைத்தானே?" என்கிறார். ஆக, வீட்டுக்குள் இருந்தே தகவல் கொடுக்கும் ஆளைப் பெட்டியில் வைத்து அனுப்பிவிட்டீர்கள். உங்கள் மாமியார் பெத்தாளும் லேசுப்பட்டவள் அல்ல. சாமியறையில் போன வருஷக் காலண்டரில் பென்சிலால் கோடு கோடாகப் போட்டு வைத்திருக்கிறாள். புது வருஷம் பிறந்தும் அதைக் கழற்ற விடவில்லை. என்ன கணக்கு என்று கேட்டால் அடுப்படிக்குப் போய்விடுகிறாள். ஞாயிறுதோறும் அது தொலைபேசியில் உங்களுக்கு வந்து சேர்கிறது என்பது எனக்குத் தெரியும்.

இதையும் பொறுத்திருப்பேன். பக்கத்து வீட்டு ஸ்ரீஸ்கந்தராசா இருக்கிறாரே, தபால் கந்தோரில் இருந்து ஓய்வு பெற்றவர், நமக்கும் அவருக்கும் ஒரே சுவர். ஒருநாள் வாசலில் என்னை நிறுத்திக் குரலைத் தாழ்த்தி, "அண்ணை, உங்கட வீட்டில ஆரும் புதுசா வந்து நிக்கினமோ? மத்தியானத்தில பெரிசா மூச்சு விடுற சத்தம் கேக்குது. உங்கட மூச்சு எனக்குத் தெரியும், அது இல்லை. பொலிசில பதிஞ்சு போட்டியளோ?" என்றார். வீட்டில் இருப்பவர்கள் என்று நாங்கள் பொலிசில் கொடுத்த படிவத்தில் இரண்டு பேர்தான். மூன்றாவது மூச்சு கேட்டால் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அவர் போய்ச் சொல்வதற்குள் நானே போய்ச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்து, மறுநாள் காலை மெஷினைச் சேலைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனேன். கான்ஸ்டபிளிடம் ஆட்களுக்கான படிவம்தான் இருந்தது. "நம மொகத்த?" என்று சிங்களத்தில் பெயரைக் கேட்டார். பைபாப் என்றேன். அடையாள அட்டை இலக்கத்துக்கு மெஷினின் அடியில் ஒட்டியிருந்த இலக்கத்தை எழுதினார். வந்த இடம் சிங்கப்பூர். உறவுமுறை என்ன என்றபோது மாப்பிள்ளை அனுப்பியது என்று சொன்னேன். அனுப்பியதை விட்டுவிட்டு மாப்பிள்ளை என்பதை மட்டும் எழுதிக்கொண்டார். தங்கும் காரணம், சுகவீனம். மூன்று மாதத்துக்கு முத்திரை குத்திக் கொடுத்தார்.

போன வியாழக்கிழமை மத்தியானம் நான் முகமூடியோடு தூங்கிக்கொண்டிருக்கையில் சுற்றிவளைப்பு. கண் விழித்தால் கட்டிலைச் சுற்றி நாலு இராணுவத்தார். அவர்களில் பெரியவர் படிவத்தைப் பார்த்து, "மே தென்னாய். துன்வெனியா கோ?" என்கிறார், இந்த இரண்டு பேர் சரி, மூன்றாவது ஆள் எங்கே என்று. முகமூடிக்குள் எனக்குப் பேச்சு வரவில்லை, பக்கத்தில் இருந்த மெஷினைக் கையால் காட்டினேன். கட்டிலுக்கு அடியில் காட்டுகிறேன் என்று நினைத்து இரண்டு பேர் குப்புறப் படுத்துத் தேடினார்கள். பெத்தாள்தான் மெஷினைத் தூக்கிச் சரித்து, "இதாங்க எங்க மாப்பிள்ளை," என்றாள். பெரியவர் குனிந்து அடியில் இருந்த இலக்கத்தைப் படிவத்தோடு ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது. சிரிக்காமல் படிவத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார். அன்றிலிருந்து எனக்கு நெஞ்சு படபடக்கிறது. அதற்கும் ஒரு மெஷின் அனுப்பிவிடாதீர்கள்.

துணி வாங்க மஜீட் அடுத்த மாதம் அங்கே வருகிறார். அவரிடம் மெஷினைக் கொடுத்துவிடுகிறேன். எழுபத்தொரு வருஷமாகத் தானாக வந்த மூச்சு இனியும் வரும். நீங்களும் சிட்டாளும் எந்தக் குறையும் இல்லாமல் நீடு வாழப் பழனியாண்டவன் துணையிருக்கட்டும்.

இப்படிக்கு,
எவரையும் சந்தேகித்து அறியாத உங்கள் மாமனார்,
சாத்தப்பன்

பி.கு.: உறை தேடிச் சாமியறைக்குப் போனவன் அந்தக் காலண்டரைக் கழற்றிப் பார்த்தேன். ஒக்டோபரிலிருந்து ஒரு நாள் தவறாமல் கோடு. மெஷின் வந்த டிசம்பர் பதினெட்டோடு கோடுகள் நின்றுவிட்டன. கையும் களவுமாகப் பிடித்துவிட்டேன் என்று பெத்தாளைக் கூப்பிட்டுக் கேட்டேன். "உங்களுக்கு மூச்சு நின்னு நின்னு வந்துச்சு. அடுத்த மூச்சு வருதான்னு பாத்துக்கிட்டே நான் உக்காந்திருந்த ராத்திரிங்க அது. இப்ப நான் தூங்குறேன்," என்றாள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. மெஷினை அனுப்பவில்லை. மஜீட் திரும்பும்போது மாற்று முகமூடி ஒன்று கொடுத்துவிடுங்கள். மாப்பிள்ளையின் பதிவு சித்திரையோடு முடிகிறது, நானே போய் நீட்டிக்கொண்டு வருகிறேன். தங்கும் காரணம் கேட்டால் இந்த முறை சுகவீனம் என்று சொல்ல மாட்டேன். பெத்தாள் தூங்க வேண்டும் என்று எழுதச் சொல்வேன்.