தமிழில்தானே சொன்னேன்

எனக்கு வாய் நீளம். (வீட்டில் இதை மறுக்க ஆளில்லை.) அந்த வாயால் ஒரு காப்புரிமையையே காவு கொடுத்திருக்கிறேன்.

வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடம் இருக்கும். படங்களைச் சுருக்கும் மென்பொருளில் நானே ஒரு வழி கண்டுபிடித்திருந்தேன். படத்தைப் பட்டைகளாக வெட்டி, கணினிக்குள் இருக்கும் பல செயலிகளுக்கு ஒரே நேரத்தில் பிரித்துக் கொடுப்பது பழைய சங்கதி. என் வழியில் பட்டைகள் சமமாக இருக்காது. வேலை குறைந்த இடத்தில் அகலம், கூடிய இடத்தில் ஒல்லி. எல்லாச் செயலியும் ஒன்றாக முடித்துவிடும். ஐரோப்பாவிலும் காப்புரிமை வாங்கலாம் என்றார் மேலாளர். கண்டுபிடித்தவர் என்று என் பெயர் வரும். சிங்கப்பூர் கிளமெண்டியில் எங்கள் அடுக்குமாடி புளோக் முழுக்க அப்பா சொல்லிவிட்டார்.

வழக்கறிஞர் திருமதி சிவகாமி, நிதானமானவர். பதினெட்டு உரிமைக் கோரல்களையும் எழுதி முடித்துவிட்டு, விண்ணப்பிக்கும் முன் கடைசியாக வழக்கமான கேள்வியைக் கேட்டார்.

"இதை வெளியில எங்கேயும் சொல்லலையே?"

"இல்ல மேடம்." மனசாட்சி உறுத்தியது. "தமிழ்ல மட்டும் ஒரு தடவ சொன்னேன்."

அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

முந்தின மாதம் தேக்கா வட்டாரத்தில் ஒரு சிறிய அரங்கில், தமிழில் அறிவியல் பேச ஆள் தேடினார்கள். நான் சும்மா இருப்பேனா? தீபாவளி விளக்கு அலங்காரப் படத்தைத் திரையில் போட்டேன். மேலே இருட்டு வானத்துக்கு ஒரே அகலப் பட்டை, கீழே விளக்குகளுக்கு ஒல்லிப் பட்டைகள் என்று ஒன்று விடாமல் விளக்கினேன். வந்தது நாற்பது பேர். (பாதிப் பேர் இலவச பீஹூன் நூடுல்ஸுக்கு வந்தவர்கள்.)

"தமிழ்ல சொன்னா கணக்குல வராதுதானே மேடம்?"

"ஃபைல் பண்றதுக்கு முன்னாடி எந்த மொழியில சொன்னாலும் சொன்னதுதான். அப்புறம் அது புதுசு இல்லன்னு ஆயிடும். வீடியோ ஏதும் இருக்கா?"

"அப்பா எடுத்து நெட்ல போட்டிருக்காரு."

இருபது நிமிட வீடியோவையும் அங்கேயே முழுதாகப் பார்த்தார். "ரொம்பத் தெளிவா சொல்லியிருக்கீங்க. ஒரு கோரல் கூட விட்டுப்போகல." ஒரு பாராட்டுக்கு நான் மன்னிப்புக் கேட்டது அன்றுதான்.

சிங்கப்பூரில் மட்டும், வெளியே சொன்ன பிறகும் விண்ணப்பிக்க ஏதோ சலுகைக் காலம் இருந்ததால் தப்பித்தோம். ஐரோப்பா போயே போச்சு. அதுகூடப் பரவாயில்லை. அப்பா வீடியோவை அழித்துவிட்டுச் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தபோதுதான் எனக்கு அழுகை வந்தது.

அன்றிலிருந்து வீட்டில் யார் எதைச் சொல்ல வாயெடுத்தாலும் தம்பி கேட்பான்: "ஃபைல் பண்ணியாச்சா?"

சென்ற மாதம் அவனே ஒரு பெண்ணை வீட்டுக்கு அழைத்து வந்தான். நான்கு வருடப் பழக்கமாம்.

"என்கிட்ட ஏன்டா சொல்லல?"

"ரெஜிஸ்ட்ரார் ஆபீஸ்ல கல்யாண நோட்டீஸ் நேத்துதான் ஃபைல் பண்ணோம்கா. இனிமே நீ தாராளமா சொல்லலாம்."

நான் ஊருக்குச் சொல்லக் கைபேசியை எடுப்பதற்குள் அப்பா வீடியோ எடுக்க ஆரம்பித்திருந்தார்.