ரன்வேயின் ஆறு கட்டங்கள்

தஞ்சாவூர் வட்டாரத்தில் தரையை விட்டு எழும்பாமலே அதிக நேரம் பறந்தவர் யார் என்று போட்டி வைத்தால், முதல் பரிசு எங்கள் நீடாமங்கலம் ரன்வேக்குத்தான். இரண்டாம் பரிசுக்கு ஆளே கிடைக்காது.

ரன்வே என்பது ஊர் வைத்த பெயர். எதைப் பார்த்தாலும் அதில் விமானம் இறங்குமா என்று யோசிப்பார். ஆற்றங்கரை ரோடு, நெல் கொள்முதல் நிலையத்தின் சிமெண்டுத் தளம், எதுவும் தப்பாது. என் அண்ணன் கல்யாணத்தில் மண்டப வாசலில் விரித்த சிவப்புக் கம்பளத்தைப் பார்த்துவிட்டு, "அகலம் பத்தாதுக்கா. அதோட கடைசியில வாழமரம் வேற கட்டியிருக்கீங்க" என்று வருத்தப்பட்டார். எங்கள் ஊர் ரயில்வே கேட் மூடினால் எல்லோரும் திட்டுவார்கள். இவர் மட்டும் மொபெட்டில் நிமிர்ந்து உட்கார்ந்து, "அண்ணே, கிளியரன்ஸ் எப்ப?" என்று கேட் கீப்பரைக் கேட்பார்.

அவர் நிஜமாகவே பைலட். சின்ன விமானத்தில் இருநூறு மணி நேரம் பறந்து லைசென்ஸ் வாங்கியவர். வேலைதான் இல்லை. ஏன் தம்பி என்று ஒருநாள் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு கேட்டேன்.

"கார் லைசென்ஸ் வெச்சிருக்கவன்கிட்ட பஸ்ஸக் குடுப்பாங்களாக்கா? ஜெட்டுக்குன்னு தனியாப் பயிற்சி எடுக்கணும். அதுக்கும் நாமதான் பணம் கட்டணும். கட்டிட்டு வந்தாத்தான் கம்பெனிக்காரன் மூஞ்சியவே பாப்பான்."

பணத்துக்கு வழி என்று இருந்தது அவர் அப்பாவின் ஆறு ஏக்கர் நிலம். ஆனால் அதை விற்க முடியாது. கலியபெருமாள் என்பவர் இருபது வருடமாக அதைக் குத்தகைக்கு உழுதுகொண்டிருந்தார். காலி செய் என்றார் அப்பா. உழுதவனுக்குச் சட்டம் இருக்கிறது என்றார் கலியபெருமாள். பன்னிரண்டு வருடமாகக் கோர்ட்டில் வழக்கு. ரன்வேயின் அப்பா வீட்டில்கூட எதிராளியின் பெயரைச் சொல்லமாட்டார். "பிரதிவாதி ஆடு நம்ம வேலிய மேயுது பாரு" என்பார்.

தை மாதக் கடைசிக்குள் பயிற்சிப் பள்ளியில் பணம் கட்டி இடத்தை உறுதி செய்ய வேண்டும். இல்லாவிட்டால் அடுத்தவருக்குப் போய்விடும். வழக்கோ வாய்தா மேல் வாய்தாவாக நகர்ந்துகொண்டிருந்தது. ரன்வே கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. "எடம் கெடைக்கற வரைக்கும் சும்மா இருக்க முடியுமா?" என்று எங்கள் கடைக்கு வந்தார்.

நான் அப்போது கடைத்தெருவில் ஒரு ஃபிளெக்ஸ் கடையில் டிசைன் வேலை பார்த்தேன். படிப்பு பிளஸ் டூ, அதற்கு மேல் மூன்று மாதக் கம்ப்யூட்டர் கோர்ஸ். காதுகுத்து முதல் கட்சி மாநாடு வரை எல்லா பேனரும் என் கையால்தான். எந்தக் கட்சி ஆட்சிக்கு வந்தாலும் கறுப்பு மையும் சிவப்பு மையும்தான் முதலில் தீரும். எனக்கு ஒரே குறை, வாய் திறந்து ஒரு சந்தேகம் கேட்கமாட்டேன். கூச்சம்.

ரன்வே ஒரு பென் டிரைவைக் கொடுத்து, "எட்டுக்கு நாலு அடிக்கா. அர்ஜென்ட்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். ஜெட் விமானத்தில் பைலட்டுகளுக்கு முன்னால் இருக்கும் பலகையின் படம் அது. அதைச் சுவரில் மாட்டி, எதிரே நாற்காலி போட்டு, எந்த பட்டன் எங்கே என்று கை பழகுவார்களாம். இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும்.

எனக்குத் தெரிந்ததெல்லாம், படத்தில் ஆறு கறுப்புக் கட்டங்கள் காலியாக இருந்தன. எங்கள் தொழிலில் காலிக் கட்டம் என்றால் அங்கே முகம் வர வேண்டும் என்று அர்த்தம். பென் டிரைவில் தேடினேன். வக்கீல் கேட்டதற்காக வயலில் எடுத்த ஐந்து போட்டோக்கள் கிடைத்தன. ரன்வேயின் அப்பா, கலியபெருமாள், மோட்டார் கொட்டகை, எல்லைக் கல், தகராறில் இருந்த தென்னை மரம். இடது ஓரத்தில் அப்பா, வலது ஓரத்தில் கலியபெருமாள், நடுவில் மற்றவை. ஆறாவது கட்டத்துக்குப் படம் இல்லை. அளவு பார்க்க என் பாஸ்போர்ட் போட்டோவை வைத்தேன், எடுக்க மறந்துவிட்டேன். கீழே கூப்பிய கைகள் இரண்டையும், 'வாழ்த்தும் நெஞ்சங்கள்' என்ற வரியையும் வழக்கம்போலச் சேர்த்தேன்.

பேனரை ரன்வே வாங்கிப் போன மறுநாள்தான், அது யாரையும் வாழ்த்த அல்ல, பைலட் வேலை பழக என்று கடையில் பேசிக்கொண்டது காதில் விழுந்தது. பதறிக்கொண்டு ரன்வே வீட்டுக்கு ஓடினேன். அவர் உள்ளே வெளிச்சம் போதவில்லை என்று தெருவைப் பார்த்த பக்கச் சுவரில் பேனரை மாட்டி, எதிரே இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளைப் போட்டு, ஒன்றில் உட்கார்ந்து பறந்துகொண்டிருந்தார்.

"தம்பி, மன்னிச்சிருங்க. கழட்டிக் குடுங்க, வேற அடிச்சுத் தரேன்."

"எதுக்குக்கா? பிரமாதமா இருக்கு. பிளேன்ல அந்தக் கட்டமெல்லாம் டிவி மாதிரித் திரை. உயரம் பாக்கணும்னா அப்பா. தெச பாக்கணும்னா தென்ன மரம். ஜென்மத்துக்கும் மறக்காது. நடுவுல மேல பாருங்க, நீங்கதான் எஞ்சின்."

எனக்கு அங்கேயே பூமிக்குள் போய்விடலாம் போலிருந்தது.

அன்றைக்கு வாய்தா. அந்த நேரம் பார்த்து, தெருமுனையில் வந்து நின்ற தஞ்சாவூர் பஸ்ஸிலிருந்து ரன்வேயின் அப்பா முன்வாசல் வழியாகவும், கலியபெருமாள் பின்வாசல் வழியாகவும் இறங்கினார்கள். டீக்கடைக்காரர் ஓடிவந்து இருவர் கையையும் பிடித்துக்கொண்டார்.

"இப்பவாவது ஒண்ணு சேந்தீங்களே! பேனரப் பாத்தோம்."

எங்கள் பக்கத்தில் இரண்டு பேர் முகம் ஒரே பேனரில் வந்துவிட்டால் கூட்டணி முடிந்துவிட்டது என்று பொருள். அதற்குப் பிறகு யார் மறுத்தாலும் ஊர் நம்பாது.

இருவரும் சுவருக்கு முன்னால் வந்து நின்றார்கள். பின்னால் பாதித் தெரு.

"எவன்டா எஞ் செவுத்துல பிரதிவாதிய மாட்டுனது?" என்று கத்தினார் அப்பா. நான் ஒரு தூணுக்குப் பின்னால் நகர்ந்தேன்.

கலியபெருமாள் கத்தவில்லை. கிட்டே போய் இரண்டு முகங்களையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சாணால் அளந்தார். அப்பாவின் முகம் ஒன்றரைச் சாண். தன் முகமும் ஒன்றரைச் சாண்.

"ஒரே சைஸு" என்றார். "எங்க வெவசாயி சங்கத்து பேனர்லயே என்னையத் தபால்தல அளவுக்குத்தாங்க போட்டாங்க."

அப்பா கிட்டே போய்த் தானும் ஒருமுறை அளந்து பார்த்தார். ரன்வே அந்த ஒரு நொடியைப் பிடித்துக்கொண்டார்.

"அப்பா, இடது சீட்டு உங்களுது. அண்ணே, நீங்க வலது சீட்டுல உக்காருங்க. கெளம்பறதுக்கு முன்னாடி ஒருத்தர் லிஸ்ட்டப் படிக்கணும், ஒருத்தர் பாத்துட்டு 'செக்டு'ன்னு பதில் சொல்லணும். பதில் வரலேன்னா பிளேன் நகராது. எனக்குப் பழக்கத்துக்கு ரெண்டு ஆளு வேணும்."

தெருவே பார்க்கும்போது எழுந்து போனால் கௌரவம் என்னாவது? இருவரும் உட்கார்ந்தார்கள். ரன்வே தமிழில் எழுதி வைத்திருந்த காகிதத்தைக் கலியபெருமாள் வாங்கிக் கண்ணுக்குத் தூரமாகப் பிடித்தார்.

"பார்க்கிங் பிரேக்?"

அப்பா முறைத்தார். பன்னிரண்டு வருடத்தில் பிரதிவாதிக்கு நேராகப் பதில் சொன்னதில்லை.

"சொல்லுங்கப்பா, பின்னாடி நூத்தம்பது பேசஞ்சர் காத்திருக்காங்க."

"செக்டு" என்று உறுமினார்.

"கதவு?"

"செக்டு."

"எண்ணெய்?"

"எவன் ஊத்துனான்? செக்டு, செக்டு."

தெரு சிரித்தது. அப்பாவுக்கே மீசை கொஞ்சம் ஆடியது. காகிதம் தீர்ந்துவிட்டது. ஆனால் கலியபெருமாள் அதை மடிக்கவில்லை. காகிதத்தில் இல்லாததை, அதிலிருந்து படிப்பதுபோலவே நிதானமாகப் படித்தார்.

"மூணு ஏக்கர் உழுதவன் பேர்ல. மூணு ஏக்கர் தம்பி ஜெட்டுக்கு."

சிரிப்பு நின்றுவிட்டது. அப்பா முன்னால் இருந்த தென்னை மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.  ரன்வே சும்மா நின்று நான் பார்த்தது அன்றைக்கு மட்டும்தான்.

"பதில் வரலீங்க," என்றார் கலியபெருமாள் மெதுவாக. "பிளேன் நகராது."

அப்பா தென்னை மரத்திலிருந்து கண்ணை எடுத்து வலது சீட்டுப் பக்கம் திரும்பினார்.

"செக்டு, கலியபெருமாளு."

அடுத்த வாரமே இருவரும் ஒரே ஆட்டோவில் பத்திர ஆபீசுக்குப் போனார்கள். வழியெல்லாம் சண்டை போட்டார்கள் என்று ஆட்டோக்காரர் சொன்னார். ஆனால் பேர் சொல்லிச் சண்டை போட்டார்களாம்.

தங்கள் பங்கு மூன்று ஏக்கரை விற்று, தை முடிவதற்குள் பணம் கட்டி, ரன்வே ஜெட் பயிற்சிக்குப் போனார். முதல் பாடத்தில் திசையை எங்கே பார்ப்பாய் என்று ஆசிரியர் கேட்டதற்கு, "கோகனட் ட்ரீ, சார்" என்று சொல்லிவிட்டாராம். முடித்து வந்தும் உடனே வேலை கிடைக்கவில்லை. ஒரு வருடத்துக்கு மேல் மறுபடி அதே சுவர், அதே நாற்காலி. வலது சீட்டில் மாலை நேரங்களில் கலியபெருமாள். பிறகு ஒருநாள் வேலைக்கான கடிதம் வந்தது. ரயில்வே கேட்டில் நின்று எல்லா லாரி டிரைவருக்கும் மிட்டாய் கொடுத்தார்.

போன மாதம் அவரிடமிருந்து என் செல்லுக்குச் செய்தி வந்தது. "அக்கா, எஞ்சினுக்கு ஏதாவது ஒண்ணுன்னா உங்க கட்டத்துலதான் எழுத்து வரும். இத்தன வருஷத்துல ஒரு தடவகூட வரல. உங்கள மாதிரியே அமைதியா இருக்கு. ஒவ்வொரு தடவையும் கெளம்பறதுக்கு முன்னாடி அத ஒரு பார்வ பாத்துக்கறேன். நல்லா இருக்கீங்களா?"

மூன்று முறை எழுதி அழித்துவிட்டுப் பாதி நாள் செல்லைக் கையில் வைத்துக்கொண்டிருந்தேன். பதில் வராவிட்டால் பிளேன் நகராதே என்று நினைவு வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஒரே ஒரு வார்த்தை அனுப்பினேன்.

"செக்டு."