உன் அம்மாவை நான் பேக் செய்த விவரம்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் புதிதாக வந்து சேர்ந்திருக்கும் பொட்டலமும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போட்டோ பார்த்தேன். பேத்தியைத் துணியில் நன்றாகத்தான் சுற்றியிருக்கிறாய், முனைகள் மட்டும் சரியாக மடங்கவில்லை. இங்கே நாங்கள் இருவரும் நலம். அப்படித்தான் ஆரம்பிக்க வேண்டும் என்பதால் எழுதினேன். மேலே படித்துவிட்டு நீயே முடிவு செய்துகொள்.

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். அம்மா பேத்தியைப் பார்க்க வர முடியாது. ரயில் குலுங்கும், அவள் எலும்பு தாங்காது. போனில் சொல்லலாம் என்றால், நான் வாயைத் திறந்ததும் அவள் பக்கத்தில் வந்து என் வாக்கியத்தைத் தன் இஷ்டத்துக்கு முடித்துவைக்கிறாள். அதனால்தான் கடிதம்.

நடந்தது இதுதான். குளியலறையில் அவளுக்குக் கால் லேசாக வழுக்கியது. விழவில்லை, விழப் பார்த்தாள், அவ்வளவுதான். சுவரில் கையை ஊன்றினாள். சுவருக்கு ஒன்றும் ஆகவில்லை, மணிக்கட்டு எலும்பில் விரிசல் விட்டுவிட்டது. அவளுடைய சரவாங்கி மூட்டுவாதத்தில் விரல் மூட்டு வீங்குவதும் காலையில் கை மடங்க மாட்டேன் என்பதும் நம் வீட்டில் பழைய வழக்கு. எலும்பும் அந்த வழக்கில் சேரும் என்று யார் கண்டது? டாக்டரம்மா எலும்பைப் படம் பிடித்துப் பார்த்துவிட்டு, "சரவாங்கி இருக்கிற பொம்பளைங்களுக்கு, அதுவும் வயசாயிட்டா, எலும்பு சீக்கிரம் மெலிஞ்சிடும். அந்த வீக்கமே எலும்பை அரிக்கும். வீக்கத்துக்குக் குடுக்கிற ஸ்டீராய்டு மாத்திரையும் கொஞ்சம் அரிக்கும். மாதவிடாய் நின்னதுல ஏற்கெனவே கொஞ்சம் போயிருக்கும். லேசா தடுக்கினாலே உடையலாம், பாத்துக்குங்க" என்றார். ஒரு எலும்பைத் தின்ன மூன்று பந்தியா என்று எனக்குத் தலை சுற்றியது. அதற்கப்புறமும் அவர் நிறையச் சொன்னார். "உடையலாம்" என்றதோடு என் காது கடையைச் சாத்திவிட்டது.

நான் பெரிய படிப்புப் படித்தவன் இல்லை. ஆனால் உடையும் பொருளைப் பற்றி எனக்கு ஒருவர் பாடம் எடுக்க வேண்டாம். கண்ணாடிப் பாத்திரக் கிடங்கில், பேக்கிங் பிரிவில் தலை நரைத்தவன். எங்கள் மேஸ்திரி கற்றுக்கொடுத்த மந்திரம் ஒன்றே ஒன்று: ஆடினால் உடையும், ஆடாமல் கட்டு. கட்டினேன். மேசை முனை, கட்டில் விளிம்பு, வாசல் நிலை எல்லாவற்றிலும் ஃபோம் ஒட்டினேன். அம்மாவை நாற்காலியில் உட்கார வைத்து இரண்டு பக்கமும் தலையணை செருகினேன். வாளி நான், துடைப்பம் நான், சமையலும் நான் (உப்பு யார் என்று கேட்காதே). "மேல மூடி போடலையா? டேப் ஒட்டிடுங்க, நிம்மதியா இருக்கும்" என்றாள். கேலி என்று எனக்குப் படவில்லை, யோசனை என்று பட்டது. பரணில் இருந்த 'உடையும் பொருள், கவனம்' சீட்டுச் சுருளை எடுத்து நாற்காலி முதுகில் ஒன்று, வாசற்கதவில் ஒன்று ஒட்டினேன். கதவைப் படித்த கேஸ்காரர், "உள்ள கண்ணாடி ஏதோ இருக்காம், நமக்கு எதுக்கு வம்பு" என்று சிலிண்டரைத் தெருவிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டார். நான் உருட்டிக்கொண்டு வந்தால், ஃபோம் ஒட்டிக் குறுகிய வாசலில் சிலிண்டர் சிக்கிக்கொண்டது. உள்ளே அவள், வெளியே நான், நடுவில் சிலிண்டர். "இப்பதான் பேக்கிங் சரியா இருக்கு, எதுவுமே ஆடல" என்றாள் உன் அம்மா.

இப்படியே சில வாரம் ஓடியது. அத்தோடு விட்டேனா? மாத்திரை எலும்பை அரிக்கிறதாமே, திருடனை உள்ளே வைத்துக்கொண்டு கதவைப் பூட்டுவானேன் என்று அதை எடுத்துச் சர்க்கரை டப்பாவில் ஒளித்துவைத்தேன். மறுநாள் காலை அவள் முட்டி பூசணிக்காயாக நிற்கிறது, எழுந்திருக்க முடியவில்லை.

"மாத்திரை எங்கங்க?"

"எந்த மாத்திரை?"

"நீங்க பொய் சொன்னா காது ஆடும். இப்ப ஆடுது."

மாத்திரையோடும் காதோடும் டாக்டரம்மாவிடம் போனோம். "தானா நிறுத்தினா ஆபத்துன்னு சொன்னேனா இல்லையா?" என்றார். சொல்லியிருப்பீர்கள் என்றேன். பிறகு அம்மாவிடம், "கையை ஊனாம எழுந்து நில்லுங்கம்மா" என்றார். போன தடவை கைக்கட்டோடு சட்டென்று எழுந்தவள், இந்தத் தடவை பாதி எழுந்தாள். அப்படியே மறுபடி உட்கார்ந்துவிட்டாள். டாக்டரம்மா அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"வீட்ல என்ன வேலை செய்றாங்க?"

"ஒண்ணுமே செய்ய விடறதில்ல டாக்டர்" என்றேன், பெருமையாக.

"அதான் பாத்தேன், முட்டி வீக்கம் மட்டும் காரணம் இல்ல. தினம் நடந்தாத்தான் எலும்புக்கு வலு. உக்கார வெச்சா எலும்பும் இளைக்கும், தசையும் இளைக்கும், அப்புறம் எழுந்திருக்கும்போதே விழுவாங்க. விழாம பாத்துக்குங்கன்னா நடக்காம பாத்துக்குங்கன்னு அர்த்தமா?"

எனக்குத் தலை எது கால் எது என்று புரியவில்லை மகளே. நடக்க வேண்டும், விழக்கூடாது. நடக்காவிட்டால் விழுவாள். மாத்திரை அரிக்கும், நிறுத்தினால் அதைவிட ஆபத்து. ஆடினால் உடையும் என்று ஆயுள் முழுக்கக் கட்டினேன். ஆடாவிட்டாலும் உடையும் என்கிறார்கள். இப்படி ஒரு சரக்கு எங்கள் கிடங்குக்கு வந்திருந்தால் மேஸ்திரி வேலையை விட்டுவிட்டு ஊர் போய்ச் சேர்ந்திருப்பார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவள் என்னைத் திட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "புள்ளையத் தூக்கணும்னு இருந்தேன். இப்ப என்னையே நான் தூக்க முடியல" என்றாள், அவ்வளவுதான். நான் வழியில் இருந்த கடைப் பலகைகளை எல்லாம் எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டே வந்தேன்.

ஆகவே, கெடுத்தது நான் என்றாலும், கெட்டுப்போன பிறகு எப்படி அனுப்புவது? பேத்தி நடக்க ஆரம்பித்ததும் அவளே எங்களைப் பார்க்க வரட்டும். அதுவரை போட்டோ அனுப்பு. மாப்பிள்ளைக்கு என் அன்பு. பொட்டலத்துக்கு நீண்ட ஆயுளும் கெட்டியான எலும்பும் வாய்க்கட்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா
(பேக்கிங் பிரிவு, ஓய்வு)

பின்குறிப்பு: மேலே 'வர முடியாது' என்றிருப்பதை 'வந்துவிட்டோம்' என்று திருத்திப் படிக்கவும். தபாலில் போட மறந்து, ஆணியில் தொங்கிய சட்டையின் பையிலேயே சில வாரம் விட்டிருந்தேன். அதைத் துவைக்க எடுத்து, நாற்காலியில் உட்கார்ந்து பையைத் துழாவிய உன் அம்மா படித்துவிட்டாள். படித்ததும் நாற்காலியிலிருந்து விருட்டென்று எழுந்தாள், கையை ஊன்றவே இல்லை. நான் கடைக்குப் போகும் நேரமெல்லாம் எழுந்து உட்கார்ந்து பயிற்சி செய்திருக்கிறாள், என் காதுக்குத் தெரியாமல்! டாக்டரம்மாவும் "தாராளமா போகட்டும், மூட்டை மட்டும் தூக்க வேண்டாம்" என்றுவிட்டார். இதை ரயிலில் எழுதுகிறேன், உன் கையிலேயே தருவேன். ஸ்டேஷனில் கூட்டம் எனக்கு மரியாதையாக ஒதுங்கி வழிவிட்டது. ஏறி உட்கார்ந்த பிறகுதான் என் சட்டை முதுகில் அந்த 'உடையும் பொருள், கவனம்' சீட்டு இருப்பது தெரிந்தது. உன் அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு குலுங்குகிறாள். ரயில் காரணம் இல்லை. வாசல் ஃபோமைப் பிய்த்து அவள் மடிக்கு ஒரு மெத்தை வெட்டியிருக்கிறேன், மணிக்கட்டில் பாரம் விழாதபடி கைக்கு ஒரு பள்ளமும் வைத்து. அவளை உட்கார வைத்துவிட்டு, பொட்டலத்தை நீ தூக்கி அதன்மேல் வை. பொருள் உள்ளே ஆடும். ஆடட்டும்.